விசாரணை முடிந்த பிறகும் பேசாதவள்

மாணிக்கம்,

நலம் என்று எழுதத்தான் கை போகிறது. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நான் நலம் என்று எழுதினால் அதுவும் பொய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கமலம் இங்கே எங்களோடுதான் இருக்கிறாள். நீ தேடி அலைய வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை ஃபெர்ரியில் நீ இருக்கிற அந்தக் கரையிலிருந்து ஏறி, கையில் ஒரு துணிமூட்டையும் அழுது வீங்கிய முகமுமாக இந்தத் தீவில் வந்து இறங்கினாள். அவளுடைய அண்ணனை எஸ்டேட்டில் ஆள் குறைப்பில் நிறுத்திவிட்டார்களாம். அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்புகிறார்கள். "நீயும் வந்துடு, அங்க கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்" என்று தங்கையைக் கூப்பிட்டிருக்கிறான். இவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கப்பல் அடுத்த வாரம். அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சிலேட்டில் எழுதும்போது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து. ஆபீஸில் கணக்கெழுதுகிற எதிர்வீட்டுக் கிராணியிடம் சொல்லி அழகாக எழுதி வாங்கலாம்தான். ஆனால் இதில் வருகிற விஷயத்தை மூன்றாம் பேரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு வராது. உன்னிடம் சொல்வதற்கே நான்கு நாள் ஆகியிருக்கிறது.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், மனசு ஆறட்டும். புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் சிக்னல் பிடித்து இழுத்து எத்தனை ரயிலை நிறுத்துகிற கை அது! அந்தக் கையால் சோற்றுத் தட்டைத் தள்ளினாயாமே? ஏண்டா, உன்னை நான் அப்படியா வளர்த்தேன்? இரண்டு பேர் பார்த்த வேலையை இப்போது உன் ஒருவன் தலையில் கட்டியிருக்கிறார்கள், ஒரு வண்டியை வெளியே காக்க வைத்துவிட்டாய் என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுதி மேலே அனுப்பியிருக்கிறார், அடுத்த ஆள் குறைப்பில் உன் பேர் இருக்குமோ என்று நீ உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைக்கிறாய். எல்லாம் கமலம் சொன்னாள். அவளுக்கும் நீ சொல்லவில்லை. ரயில்வே கோட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டாளாம். பயம் யாருக்குத்தான் இல்லை இந்தக் காலத்தில்? அதற்காகச் சோறு என்ன செய்தது, அதைப் போட்டவள் என்ன செய்தாள்? இந்த ஒன்றுக்கு நீ அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். இதில் நான் உன் பக்கம் இல்லை.

ஆனால் திட்டி முடித்த பிறகு சொல்ல வேண்டியது வேறு. அவள் அன்று வந்ததும் சாப்பிட உட்கார வைத்தேன். உன் அப்பா ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, பக்கத்தில் இடி விழுந்தாலும் தட்டை விட்டுத் தலையைத் தூக்காத மனுஷர். நான் கமலத்திடம் கேட்டேன், "அப்படி என்னம்மா பேசிட்ட நீ, அவன் தட்டைத் தள்ற அளவுக்கு?" என்று. கேட்டேனே பாவி, அவள் பக்கம்தான் தப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு. அவள் சொன்னாள்:

"நான் ஒண்ணுமே பேசல அத்தை. நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்தேன். தட்டு வெச்சேன், தண்ணி வெச்சேன், தள்ளி நின்னேன். தினமும் அப்படித்தான். அன்னிக்கு என்னை நிமிந்து பாத்து, 'ஊமையாடி நீ? நான் என்ன கொலை பண்ணிட்டா வந்திருக்கேன், இப்படி நிக்கிற?'ன்னு கத்தினாரு. தட்டு அங்க போய் விழுந்துச்சு."

உன் அப்பாவின் கை வாய்க்குப் பாதியில் நின்றது. "அத்தை சொன்ன மாதிரின்னா? என்ன சொன்னா?" என்றார். அவர் மருமகளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கமலம் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "கல்யாணத்தன்னிக்கு சொன்னாங்க மாமா. அவரு வேலை விட்டு வந்ததும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. சாப்பிட்டு, தானா பேசுற வரைக்கும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு. உங்களுக்கும் அத்தை அப்படித்தான் செஞ்சாங்களாம். அதுதான் உங்களுக்குக் குடுத்த ஓய்வாம்."

"ஓய்வா?" என்றார் உன் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நீ அதுக்குத்தான் பேசாம இருந்தியா?"

"பின்னே எதுக்குன்னு நெனச்சீங்க?" என்றேன்.

அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய் வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நம் வீட்டில் சோறு மீந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

இப்போது உனக்குப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நடந்தபோது நீ காலில் தண்டை போட்டுக்கொண்டு தத்தித் தத்தி ஓடுகிற பிள்ளை. உன் அப்பா அப்போது ஆயர் ஈத்தாம் பாதையில் ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தத் தண்டவாளத்தை ஒவ்வொரு ரோடாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ ட்ராமில் ஏறிப் போயிருப்பாயே தவிர, அந்த வேலை எப்படிப்பட்டது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. ட்ராம் ஓட்டுகிறவருக்கு உட்கார இடம் கிடையாது. முன்பக்கம் திறந்து கிடக்கும். வெயிலும் மழையும் முகத்தில்தான். ஒரு கை மின்சாரப் பிடியில், ஒரு கை பிரேக்கில், ஒரு கால் மணியில். மாடு குறுக்கே வரும், கறிகாய் வண்டி வரும், பசாருக்குப் போகிற பெண்கள் பேசிக்கொண்டே நடுவில் நிற்பார்கள். ட்ராம் ஒதுங்க முடியாது, எதிரே இருப்பதுதான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு மணியை மிதி மிதி என்று மிதிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பலகையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். மிதிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் நான் பானை மூடியைக் கைதவறிப் போட்டுவிட்டேன். மனுஷர் துள்ளி எழுந்து, இல்லாத பிரேக்கைப் பிடித்து இழுத்தார். "தள்ளு! தள்ளு!" என்று கத்தினார். நீ பயத்தில் மூச்சுவிடாமல் அழுதாய். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஐயோ, இவர் காதுக்குள் நாள் முழுக்க என்னவெல்லாம் இடிக்கிறதோ என்று பரிதாபம்தான் வந்தது. அன்றிலிருந்து ஆரம்பித்தேன் என் புத்திசாலித்தனத்தை. அவர் வருகிற நேரத்துக்கு அம்மி, உலக்கை எதையும் தொடுவதில்லை. உன் காலிலிருந்த தண்டையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டேன். மெட்டி தரையில் படாமல் குதிகாலை ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி, "அப்பா வந்துட்டாரு, சத்தம் போடக்கூடாது" என்பேன். நானும் பேசமாட்டேன். கேட்க ஆயிரம் இருந்தாலும் விழுங்கிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த விபத்து. டத்தோ கிராமட் ரோட்டில் ஒரு ரிக்‌ஷாவின் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்துவந்த சீனர் வண்டியை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், பிழைப்பாயிற்றே, விட மனசு வராமல் இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறார். உன் அப்பா பிரேக் போட்டும் ட்ராம் நிற்கவில்லை. அந்தச் சீனருடைய கால் முறிந்துபோயிற்று. உயிர் தப்பியது தெய்வச் செயல். இதை உன் அப்பா என்னிடம் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்த கண்டக்டர் சின்னையா அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் அமைதியானேன். ஏற்கெனவே புண்பட்டு வருகிறார், நாமும் கிளறக் கூடாது என்று. நல்ல மனைவி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமைக்கே திரும்பி வருகிறேன். அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாரே, அவர் பின்னாலேயே போனேன். கமலம் உள்ளே தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது. ரோட்டில் ஐஸ்காரன் போய்க்கொண்டிருந்தான். உன் அப்பா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"எங்க டிப்போவில ஒரு வழக்கம் உண்டு," என்றார். "ஒருத்தன் வண்டி யார் மேலயாவது ஏறிட்டா, விசாரணை முடியற வரைக்கும் அவன்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. பேசினா, 'உன்கிட்ட என்ன சொன்னான்'னு தொரை இவனையும் கூப்பிட்டுக் கேப்பான். சாட்சிக்கு இழுப்பான். அதுக்குப் பயந்து ஒதுங்கிடுவாங்க. கெட்ட எண்ணம் இல்ல. டீ குடிக்கப் போனா பெஞ்சில எனக்கு இடம் விட்டுட்டு எழுந்து போவாங்க. சின்னையாகூட தலைய மட்டும் ஆட்டுவான். அப்படியே வீட்டுக்கு வருவேன். இங்க வந்தா நீயும் பேச மாட்ட. புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுவ. சரி, இவளுக்கும் தெரிஞ்சுபோச்சு, இவளும் விசாரணை முடியட்டும்னு இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் விசாரணை முடிஞ்சுது. என் மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்க. அன்னிக்கு டிப்போவில எல்லாரும் வந்து தோள்ல கை போட்டு, கோப்பி வாங்கிக் குடுத்து, சத்தம் போட்டு ஒரே கொண்டாட்டம். நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ தட்டு வெச்ச, தண்ணி வெச்ச, தள்ளி நின்ன. மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும். சரி, அவங்க விட்டுட்டாங்க, இவ என்னை விடல, கால ஒடைச்சவன்தானேன்னு மனசில வெச்சிருக்கான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நானும் ஒண்ணும் கேக்கல."

மாணிக்கம், எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவேன்! "ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று கத்திவிட்டேன், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "நீ ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அவர், மெதுவாகத்தான். அவர் தனியாக வெளி அறையில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தது அந்த விசாரணைக்குப் பிறகுதான். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, ட்ராமையே கட்டிக்கொண்டு அழட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டே. நீ சின்ன வயதில் எனக்கு ஒரு தங்கச்சி வேண்டும் என்று அடம்பிடிப்பாய், நினைவிருக்கிறதா? சாமி தரவில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன். சாமி மேல் பழி போட்டேன். இதற்கு மேல் ஒரு தாய் மகனுக்கு எழுத முடியாது, நீயே புரிந்துகொள்.

நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். உன் கல்யாணத்திலும் அதைத்தான் சொல்லி வாழ்த்தினார்கள், "உன் அம்மா அப்பா மாதிரி இரு" என்று. நானும் அதை நம்பித்தான் கமலத்தை உள்ளே கூப்பிட்டு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். எது என் வாழ்க்கையைக் கருக்கியதோ அதையே சீதனம் மாதிரி அவள் கையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். உன் வீட்டில் அந்தத் தட்டு விழுந்ததற்கு நீ பாதி என்றால் நான் பாதி. அவள் மேல் தப்பு ஒரு துளிகூட இல்லை. அந்தப் பெண் உன்மேல் கோபத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லையடா. உனக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்து நின்றிருக்கிறாள். உன் ஸ்டேஷனில் இப்போது உன்னோடு யாராவது முகம் கொடுத்துப் பேசுகிறார்களா? மேலே புகார் போன ஆளோடு பேசினால் நமக்கும் வம்பு என்று ஒதுங்கத்தான் செய்வார்கள். எனக்கு அது சொல்லாமலே தெரியும் இப்போது. நாள் முழுக்க அதைத் தாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு வீட்டிலும் அதே முகம் என்றால் கத்தத்தான் தோன்றும். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கத்தினாயே, அதுவரைக்கும் நீ உன் அப்பாவைவிட மேல். அவர் கத்தவே இல்லை. நீ தட்டைத் தள்ளாமல் மட்டும் இருந்திருக்கலாம்.

வேலையை வாசலிலேயே விட்டுவிட்டு வா என்று பெரியவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கே விடுவது, அது என்ன செருப்பா? அது உன்னோடு உள்ளே வரும், பக்கத்தில் உட்காரும், உன் கால் தரையை மிதிக்கும். வரட்டும். வந்தது இன்னது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். "இன்னிக்கு அந்த மனுஷன் இப்படிக் கேட்டான், எனக்கு வயிறு கலங்கிடுச்சு" என்று ஒரு வார்த்தை. அதற்கு அவள் புத்தி சொல்ல வேண்டியதில்லை. "அட கடவுளே" என்றால் போதும். பேச முடியாத நாளில் "இப்ப முடியல, அப்புறம் சொல்றேன்" என்று அதையாவது சொல். அவளுக்கும் ஒரு நாள் இருக்கிறது, அதையும் நீ கேட்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் சண்டை, அடுப்பில் ஈர விறகு, உன் வேலை போய்விடுமோ என்று உன்னைவிட அதிகமாக அவளுக்கு இருக்கிற பயம். அவளும் யாரிடமும் அதைச் சொல்லாமல்தான் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறாள்.

வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது வாய்க்கொழுப்பு. இந்தத் துறைமுகத்தில் மூட்டையும் முடிச்சுமாகக் கப்பலுக்குக் காத்துக் கிடக்கிற ஜனங்களைத் தினம் பார்க்கிறேன். உனக்கும் அந்த நிலைமை வரலாம். வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கப்பலில் ஏறுங்கள், அல்லது இங்கே வந்து எங்களோடு இருங்கள். ஆனால் வேலை போகும் முன்பே அவள் தனியாகக் கப்பல் ஏறிப் போய்விட்டால், அப்புறம் வேலை இருந்து என்ன, இல்லாமல் என்ன?

இதில் முக்கால்வாசியைக் கமலத்துக்குப் படித்துக் காட்டினேன். மறைத்துச் செய்த காலம் போதும். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவரு வந்தா நான்தான் முதல்ல பேசுவேன் அத்தை. ஆனா அது நல்ல வார்த்தையா இருக்காது" என்றாள். இருக்க வேண்டாம் என்றேன். அவளுடைய மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை, வாசல் பக்கம் அப்படியே இருக்கிறது. நான் பிரிக்கச் சொல்லவும் இல்லை. அதை நீ வந்துதான் செய்ய வேண்டும். லீவு தரமாட்டார்கள் என்று எழுதாதே. ஷிஃப்ட் முடிந்து அப்படியே, முகம்கூடக் கழுவாமல் ஃபெர்ரி ஏறு. உன் அப்பா ஃபெர்ரி ஜெட்டிக்கு வந்து நிற்பார். அவர் பேசாமல் நடந்து வருவார் என்று நினைத்து வராதே; நான்கு நாளாக மனுஷர் வாயை மூடவில்லை. அந்த ரிக்‌ஷாக்காரருக்குக் கால் கூடியதா என்று பார்க்க மாதக்கணக்கில் அந்த இடத்தில் ட்ராமை மெதுவாக ஓட்டினாராம். ஒரு நாள் அந்தச் சீனர் நொண்டிக்கொண்டே வண்டி இழுத்துப் போவதைப் பார்த்து, பிடியைப் பிடித்தபடியே அழுதாராம். அதை என்னிடம் வந்து சொல்ல அன்றைக்கு வேகமாக வீட்டுக்கு வந்தாராம். நான் குதிகாலில் நடந்து வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போய்விட்டேனாம்.

அந்த நடை பழகிப்போய்விட்டது, மாணிக்கம். இந்த வயதில் மாற்றுவது கஷ்டம். ஆனாலும் இப்போது வீட்டுக்குள் காலை நன்றாகப் பதித்துத்தான் நடக்கிறேன். மெட்டி தரையில் படுகிறது. படும்போதெல்லாம் உன் அப்பா இருந்த இடத்திலிருந்து "யாரு வர்றது?" என்று கேட்கிறார். வீட்டில் வேறு யார் மெட்டி போட்டிருக்கிறார்கள், கமலம்கூட வந்த அன்றே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாளே! தெரிந்தேதான் கேட்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் "நான்தான்" என்கிறேன்.

இதோ, மறுபடி கேட்கிறார். போய்ப் பதில் சொல்ல வேண்டும். நீ வந்து சேர்.

உன் அம்மா